பொத்தானுக்கும் பிம்பத்திற்கும் இடையே

டெலிவிஷன் பெட்டியுடன் இணைத்து ஆடும் கன்ஸோல் விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு அடிக்கடி வரும் முறையீடு ஒன்று உண்டு. பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே திரையிலுள்ள உருவம் குதிக்கிறது என்பதே அது. இதைக் கேட்டவுடன் நிரலைத் திருத்த முற்படுவது பலரிடம் காணும் வழக்கம். குற்றம் நிரலில் இல்லாதபோது, செவ்வனே இயங்கும் பகுதி கெடுவதும் காலம் வீணாவதுமே இதனால் விளையும்.

தாமதம் மூன்றிடங்களில் சேருகிறது: கன்ட்ரோலர், கன்ஸோல், டெலிவிஷன். வினாடிக்கு 60 பிம்பங்களைக் காட்டும் விளையாட்டில் ஒரு பிம்பத்திற்குரிய காலம் ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி. கன்ட்ரோலரின் நிலை வினாடிக்கு 125 முறை படிக்கப்படுமாயின், அவ்வகையில் நேரும் காத்திருப்பு 8 மில்லி வினாடிக்கு மேற்படாது. கன்ஸோல் பிம்பத்தைத் தீட்டி முடிப்பதற்குள் இரண்டு மூன்று பிம்பங்களின் காலம் கழியலாம். டெலிவிஷனோ, நிறத்தைச் செம்மைப்படுத்தவும் அசைவை மென்மையாக்கவும் சில பிம்பங்களைத் தன்னுள் நிறுத்தி வைக்கிறது. சில பெட்டிகளில் இது மட்டுமே 100 மில்லி வினாடியைத் தாண்டும். திரைப்படம் காண்போருக்கு இது புலப்படுவதில்லை. ஆடுவோருக்கோ தாங்கவொண்ணாத இடையூறு.

பழைய கதிர்க்குழாய்ப் பெட்டிகளில் இத்தகைய தாமதம் அநேகமாக இல்லை. 1984-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ‘டக் ஹண்ட்’ என்னும் வாத்து வேட்டை விளையாட்டு இதனை நம்பியே அமைந்தது. துப்பாக்கியின் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, பின்னர் வாத்து இருந்த இடத்தில் வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கியிலுள்ள ஒளியுணர் கருவி அவ்வெண்மையைக் குறித்த கணத்தில் கண்டால்தான் குறி தப்பவில்லை என்று கொள்ளப்படும். இன்றைய தட்டைத் திரையில் வெண்கட்டம் பிந்தியே வருவதால், குறி எவ்வளவு சரியாயினும் வாத்து விழுவதில்லை. துப்பாக்கியிலும் பழுதில்லை, நிரலிலும் பழுதில்லை!

குற்றம் எங்குள்ளது என்றறிய எளிய சோதனை உண்டு. வகுப்பிலும் செய்து காட்டலாம். வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசிக் காமிராவில், பொத்தானும் திரையும் ஒருங்கே தெரியுமாறு படம் பிடிக்க வேண்டும். விரல் அழுத்தியது முதல் திரை மாறும் வரையுள்ள படங்களை எண்ணி, ஒவ்வொன்றிற்கும் 4.2 மில்லி வினாடி எனக் கணக்கிடுக. பின்னர், டெலிவிஷனை ‘கேம் மோடு’ என்னும் விளையாட்டு நிலையில் வைத்து மீண்டும் எண்ணுக. எண்ணிக்கை பெரிதும் குறையுமாயின் நிரலைத் தொட வேண்டியதில்லை. 2017-இல் வெளியான ஹெச்.டி.எம்.ஐ. 2.1 விதிமுறையில், கன்ஸோலே டெலிவிஷனை இந்நிலைக்கு மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது. அவ்வசதியில்லாத பெட்டிகளில் கையால்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. ஒருவரும் தொடாமலே உருவம் தானாக நடந்தால், பெரும்பாலும் கன்ட்ரோலரின் சிறு கோல் நடுநிலைக்குச் சரியாகத் திரும்பவில்லை என்று பொருள். குற்றம் கருவியினுடையது, பரிகாரம் நிரலில் செய்யப்பட வேண்டும். ஒரு திசையில் 32,767 வரை செல்லும் அளவில், இடக்கோலுக்கு 7,849 வரை அசைவற்ற நிலையாகக் கொள்ளலாம் என்பது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்-இன்புட் முறையில் தரப்பட்டுள்ள எண். இவ்வெல்லையைக் கிடை, நெடுக்கை என இரண்டிற்கும் தனித்தனியே விதித்தால், சற்றே சாய்வாகத் தள்ளும்போது உருவம் நேர்கோட்டிலேயே செல்லும். நடுப்புள்ளியிலிருந்து கோல் விலகிய மொத்தத் தூரத்தைக் கணக்கிட்டு எல்லை வகுப்பதே முறை.