ஏழு தோழியர் இட்ட வித்து

பெண்ணொருத்தியின் உயர்கல்வி தடைப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டுவதில்லை. விடுதிச் செலவுக்கும் புத்தகங்களுக்கும் வேண்டிய சிறு தொகை கிடையாமற் போவதே போதும். குடும்பத்தின் கைப்பொருள் பிள்ளைகளுள் ஒருவருக்கே போதுமாயின், பெரும்பாலும் மகன் படிக்கச் செல்வான். மகள் வீட்டில் இருப்பாள். இக்குறைக்கு அமெரிக்காவில் மாணவியர் சங்கமொன்று கண்ட பரிகாரம் நாம் அறியத்தக்கது.

ஐயோவா மாநிலத்திலே மவுண்ட் பிளசன்ற் என்பது ஒரு சிற்றூர். அங்கிருந்த ஐயோவா உவெஸ்லியன் கல்லூரியில் 1869ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் மாணவியர் எழுவர் கூடிப் ‘பீ. ஈ. ஓ.’ என்னும் சங்கத்தை நிறுவினர். வேறொரு கழகம் அத்தோழியருட் சிலரை மாத்திரம் தன்பால் அழைத்ததாம். பிரிய மனமில்லாத அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர் என்பர். அன்று அவர்கள் நாடியது நட்பு ஒன்றையே.

படிப்பு முடிந்தது, நட்பு முடியவில்லை. காலப்போக்கிற் பல ஊர்களிலும் கிளைகள் தோன்றின. கல்வியின் பயனைத் தாம் நுகர்ந்த பெண்கள், அதனை எட்ட இயலாத பெண்களை நினைந்தனர். 1907ஆம் ஆண்டிற் கல்விக் கடன் நிதி உருவாயிற்று. கடன் பெற்ற மாணவி பின்னர் அதனைத் திருப்பிச் செலுத்துவாள். அப்பணம் இன்னொருத்தியின் படிப்புக்கு உதவும். பெறுபவள் நாணித் தலைகுனிய வேண்டியதில்லை. நாளை அவளும் கொடுப்பவளே.

1927ஆம் ஆண்டிற் கொட்டி மகளிர் கல்லூரி இச்சங்கத்தின் பொறுப்பில் வந்தது. உலகப் போர் ஓய்ந்தபின், 1949இல், பிற நாட்டுப் பெண்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்டப்பின் படிப்பை மேற்கொள்ளச் சமாதானப் புலமைப் பரிசில் ஏற்படுத்தப்பட்டது. இடையிற் கல்வி தடைப்பட்ட பெண்கள் மீண்டும் கற்பதற்கென 1973இல் வேறொரு திட்டம் எழுந்தது. இவற்றாற் பயன்பெற்ற பெண்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. சங்கம் பிறந்த அக்கல்லூரி, பொருள்முட்டினால் 2023ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. கட்டடத்தை விட நட்பு நெடிது வாழ்கின்றது!

நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி உண்டு. 1981ஆம் ஆண்டு முதல் மகாபொலப் புலமைப் பரிசிலும் உண்டு. எனினும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் மாதச் செலவுக்கு வழியறியாது நிற்கும் மாணவியரை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய ஒருத்தி என்னிடம் கேட்டது தானமன்று. “உழைத்துத் திருப்பித் தருவேன், சேர்” என்பதே அவள் சொல். அச்சொல்லை நம்பிக் கடன் கொடுக்க ஒரு நிதி எம்மிடம் இருக்கவில்லை.

நம்மூர்ப் பழைய மாணவியர் சங்கங்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன, விருந்தும் வைக்கின்றன. படித்து உத்தியோகம் பார்க்கும் சகோதரிகள், அவ்விருந்துச் செலவிற் பாதியை ஒதுக்கி ஒரு கடன் நிதியைத் தொடங்கலாகாதா? முதலாண்டில் ஒரே ஒருத்திக்கு உதவினாற் போதும். அவள் திருப்பித் தரும் பணம் அடுத்தவளுக்கு வழி திறக்கும். வித்துச் சிறிதென்று எவரும் தயங்க வேண்டியதில்லை. மவுண்ட் பிளசன்றிலே அதனை இட்டவர் எழுவரே.