மொரீசியஸ் தீவில் சந்தித்த இடம்பெயர்ந்தோர்

மொரீசியஸ் ஆபிரிக்காவின் மிகச் சிறிய நாடுகளுள் ஒன்று. எமது யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பரப்புத்தான். அங்கு சென்றபோது முதலில் என் கண்ணிற் பட்டவை, கரும்புத் தோட்டங்களின் நடுவே உயர்ந்து நின்ற கருங்கற் குவியல்கள். நாம் சுண்ணக்கல்லைக் கிளறித் தோட்டம் செய்பவர்கள். அங்கே எரிமலைக் கல். 1834 தொடக்கம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் அவற்றைக் கையாற் பொறுக்கி அடுக்கினர். அவர்களுள் தமிழரும் பலர். தைப்பூசம் இன்று அங்கு அரச விடுமுறை நாள்.

விடுதலை பெற்ற அடிமைகளிடையே பணிபுரிந்து 1864 இல் இறந்த அருளாளர் லாவாலின் கல்லறையையும் தரிசித்தேன். மடுவைப் போல அங்கும் எல்லா மதத்தவரும் வருகின்றனர். ஆயினும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சாகோஸ் மக்களின் கதையையே.

சாகோஸ் தீவுகள் மொரீசியசுக்கு வடகிழக்கே கடலில் வெகு தொலைவில் உள்ளன. தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டங்களில் கொப்பரா செய்து வாழ்ந்தவர்கள் அம்மக்கள். 1965 இல் பிரித்தானியா அத்தீவுகளை மொரீசியசிலிருந்து பிரித்தெடுத்தது. டியாகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1973 ஆம் ஆண்டுக்குள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். சுமார் 1,500 பேர். அவர்கள் வளர்த்த நாய்கள் கூடக் கொல்லப்பட்டன. போட் லூயிஸ் நகரின் சேரிகளே பலருக்குப் புகலிடமாயின.

நிலம் தோட்டக் கம்பனியுடையது. இவர்களிடம் உறுதி கிடையாது. எனவே இவர்கள் வந்துபோகும் கூலிகளே, நிரந்தரக் குடிகள் அல்லர் என்று அதிகாரிகள் எழுதிவைத்தனர். அதைப் பொய்யாக்கியவை ஞானஸ்நானப் பதிவுகளும் சேமக்காலைக் கல்லறைகளும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறியவர்களுள் பலர் உறுதியைப் பெட்டியோடு விட்டு வந்தவர்கள். பதிவு செய்யப்பட்ட உறுதியாயின் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். பங்கிலுள்ள பழைய பதிவேடுகளையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 1982 உடன்பாட்டின்படி நட்டஈடு வழங்கப்பட்டபோது, எழுத வாசிக்கத் தெரியாத பலரிடம் ஆங்கிலப் பத்திரங்களிற் கைநாட்டு வாங்கப்பட்டது. பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு என்றே அவர்கள் எண்ணினர். திரும்பிச் செல்லும் உரிமையைக் கைவிடுவதாக அதில் எழுதப்பட்டிருந்தது பின்னரே தெரியவந்தது.

போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் பெண்கள், உண்ணாவிரதமும் இருந்தார்கள். 2000 இல் லண்டன் நீதிமன்றில் வெற்றி கிடைத்தது, 2004 இல் அரச கட்டளையொன்று அதைப் பறித்தது. 2006 இல் சுமார் நூறு பேர் சில நாட்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டு, மூதாதையரின் கல்லறைகளைத் துப்புரவாக்கித் திரும்பினர்.

படகேறிய எம்மவர் சிலர் 2021 ஒக்ரோபரில் இதே டியாகோ கார்சியாவிற் கரைசேர்ந்து, மூன்று வருடங்கள் கூடாரங்களில் முடங்கிக் கிடந்தனர். ஊரவர் போக முடியாத தீவு, எம்மவர் வெளியேற முடியாத தீவாயிற்று!

தீவுகளின் இறைமையை மொரீசியசுக்கு வழங்கும் உடன்படிக்கை 2025 மே மாதம் கைச்சாத்திடப்பட்டது. ஏனைய தீவுகளில் மக்களைக் குடியமர்த்த அதில் இடமுண்டு. டியாகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கோ, தங்கள் சொந்தத் தீவில் இடமில்லை. உடன்படிக்கையின்படி தளம் 99 வருடக் குத்தகையில் அங்கேயே இருக்கும்.