புதுப்பட்டிப் பெண்ணும் புற்றுநோய் ஆராய்ச்சியும்

சிவகாசிக்கு அருகேயுள்ள எம். புதுப்பட்டி வட்டாரத்தில், பொழுது விடிந்ததும் ஸ்திரீகள் தூக்குச்சட்டியுடன் பட்டாசு ஆலைகளுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். தீபாவளி இரவில் நாம் கண்டு மகிழும் மத்தாப்பூக்கள் இவர்களுடைய கைவேலை. ஆனால், மார்பகப் புற்றுநோயைப் பற்றி வைத்திய உலகம் எழுதி வைத்திருக்கும் கணக்குகளில் இத்தகைய சகோதரிகளுக்கு உள்ள இடம் மிகச் சொற்பமே.

மாமோகிராம் என்னும் எக்ஸ்ரே படத்தின் பயனை முதன்முதலில் பெரிய அளவில் சோதித்த ஆராய்ச்சி, 1963-ம் வருஷம் நியூயார்க்கில் ஆரம்பமாயிற்று. அதில் சேர்ந்த சுமார் 62,000 பெண்களும் வைத்திய இன்ஷூரன்ஸ் பெற்றிருந்தவர்கள். நம் நாட்டிலோ இந்நோய் மேல்நாட்டைக் காட்டிலும் இளவயதிலேயே பலருக்குக் காண்கிறது. இளவயதினரின் அடர்ந்த மார்பகத்தில் அப்படம் கட்டியைத் தவறவிடுவதும் அதிகம். பிறருக்கு அளந்து தைத்த சட்டை நமக்கும் பொருந்தும் என்று எப்படி நம்புவது?

"ஏழைப் பெண்கள் ஆராய்ச்சிக்கு வருவதில்லை" என்பர் சிலர். ஆராய்ச்சி அவர்களைத் தேடிப் போயிற்றா என்றே நாம் கேட்கிறோம். போன இடங்களில் நடந்ததைப் பாருங்கள். 1998-ம் வருஷம் மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் குடிசைப் பகுதிகளுக்கே சென்றார்கள். பத்தாவது வரை படித்த பெண்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே மார்பகத்தைக் கையால் சோதிக்கச் செய்தார்கள். சோதிக்கப்பட்டோரும் ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்டோருமாக 1,51,538 பேர் அதில் இடம் பெற்றனர். 2021-ல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்டவர்களில் ஐம்பதும் அதற்கு மேலும் வயதானோரிடையே இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது வீதம் குறைந்தது. ஐம்பதுக்கு உட்பட்டோரிடம் அப்பலன் காணப்படவில்லை. அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும் என்பதும் இதனாலேயே புலனாயிற்று.

மதுரைக்கு அப்பாலுள்ள திண்டுக்கல் ஜில்லாவில், 2000-ம் வருஷம் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சியிலும் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்து நர்ஸுகளிடம் சோதனை செய்துகொண்டார்கள்.

எனவே, புதுப்பட்டிப் பெண்ணுக்குக் கூச்சம் மட்டுமே தடையன்று. ஒரு நாள் ஆலைக்குப் போகாவிட்டால் அன்றையக் கூலி போயிற்று. ஆராய்ச்சி செய்வோர் அந்தக் கூலியை ஈடுசெய்ய வேண்டும். ஊருக்குள்ளேயே, பெண்களைக் கொண்டு சோதிக்க வேண்டும். விஷயத்தை எளிய தமிழில் விளக்கி, மனமொப்பிய சம்மதம் பெற வேண்டும். நோய் கண்டால் சிகிச்சைக்கும் பொறுப்பேற்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு அவள் வரவில்லையென்றால் அப்போது குறை கூறலாம்.