ஐந்து மாதம் லீவு எடுக்கும் தீவுகள்!

வாயில் ரெகுலேட்டர், கண்ணில் மாஸ்க், முதுகில் காற்று சிலிண்டர். படகின் பின்பக்கத்திலிருந்து ஓர் எட்டு எடுத்து வைத்தால், அடுத்த நொடி கடலுக்குள் இருப்பீர்கள். கீழே இறங்க இறங்க, வீடு அளவுக்குப் பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடப்பது தெரியும். நடுவே குகை போன்ற வழிகள். ஒரு பக்கம் நுழைந்தால், மறுபக்கம் நீல வெளிச்சம்!

இதைப் பார்க்கத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஸ்கூபா டைவர்கள் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்கு வருகிறார்கள். அந்தமான் கடலில், ஃபங் ஙா மாகாணக் கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன இந்தத் தீவுகள். மலாய் மொழியில் 'செம்பிலான்' என்றால் ஒன்பது. ஒன்பது தீவுகள் என்பதால் வந்த பெயர் இது. 1982-ல் இப்பகுதி தேசியப் பூங்கா ஆனது.

ஒரே தீவு, இரண்டு கடல்!

சிமிலானின் மேற்குப் பக்கம் ஒரு மாதிரி, கிழக்குப் பக்கம் வேறு மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் பேரலைகள் மேற்குப் பக்கத்தில்தான் மோதுகின்றன. அதனால் அங்கே கிரானைட் பாறைகளின் ராஜ்ஜியம். பாறைகளில் ஆள் உயர விசிறிப் பவளங்களும், நீரோட்டத்தில் ஆடும் மென்பவளங்களும் ஒட்டி வளர்கின்றன. யானையின் தலைபோல நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் 'எலிஃபன்ட் ஹெட் ராக்' டைவர்களுக்கு மிகப் பிடித்த இடம். ஆனால், பாறை இடுக்குகளில் நீரோட்டம் திடீரென வேகமெடுக்கும். அனுபவம் இல்லாதவர்களுக்கு ஏற்ற இடமல்ல.

கிழக்கில் அலை குறைவு. அங்கே சரிவான மணல்பரப்பில் பவளப்பாறைகள் தோட்டம்போலப் பரந்திருக்கின்றன. கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் நீமோ மீன்கள், ஆமைகள், விலாங்கு மீன்கள் என்று புதியவர்கள் நிதானமாகப் பார்க்கலாம்.

கடலுக்கும் ஓய்வு வேண்டும்

ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சிமிலானில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. கடல் கொந்தளிப்பு ஒரு காரணம். பவளங்களுக்கு ஓய்வு கிடைப்பது இன்னொரு பலன்.

அந்த ஓய்வு மட்டும் போதவில்லை. 2010-ல் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானது. பவளங்களுக்கு நிறமும் உணவும் தருபவை அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள். சூடு தாங்காமல் பவளங்கள் அவற்றை வெளியேற்றிவிட, தோட்டம் முழுக்க வெளுத்துப்போனது. மறு ஆண்டே அந்தமான் கடலில் பல டைவிங் இடங்களைத் தாய்லாந்து அரசு மூடியது. சிமிலானின் புகழ்பெற்ற 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' அவற்றில் ஒன்று.

கூட்டம் இன்னொரு தலைவலி. ஒரே நாளில் 5,000 பேருக்கு மேல் வந்திறங்கிய காலமும் உண்டு. 2018-ல் நாளொன்றுக்கு 3,325 பயணிகள், 525 டைவர்கள் என வரம்பு வைத்தார்கள். தீவில் இரவு தங்கவும் தடை வந்தது. 2021-ல், பவளங்களைப் பாதிக்கும் ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனைக் கடல் பூங்காக்களில் பயன்படுத்தவும் தடை விதித்தார்கள்.

டைவ் அடிக்கும் முன்...

* நீருக்கடியில் மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

* மெதுவாக மேலே வாருங்கள். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது நல்லது.

* ஆஸ்துமா, இதயம், காது தொடர்பான பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும்.

* பல டைவ்கள் முடித்தவர்கள், குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும்.

* பவளத்தைத் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். பல வகைப் பவளங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு துடுப்பு உதையில் உடைவது, பல ஆண்டு வளர்ச்சி.

மிதப்பைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரிந்தவரே நல்ல டைவர் என்பார்கள் பயிற்சியாளர்கள். எதையும் தொடாமல், அசையாமல் மிதப்பவரிடம் மீன்களே நெருங்கி வரும்!