ஜாகுவார் இ-டைப் இன்ஜினுக்குப் புது பிஸ்டன்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

1961 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் ஜாகுவார் இ-டைப் அறிமுகமானபோது, அதன் பானெட்டுக்குள் இருந்தது 3.8 லிட்டர் எக்ஸ்கே இன்ஜின். ஆறு சிலிண்டர், இரட்டை கேம்ஷாஃப்ட், 265 குதிரைத்திறன். அந்தக் கார்களில் பல இன்றைக்கும் ஓடுகின்றன. ஆனால் 60 வருஷம் தாண்டிய இன்ஜின் என்றால் ஒருநாள் பிரித்து மேய்ந்துதான் ஆக வேண்டும். அப்போது வருகிற முதல் பெரிய கேள்வி: எந்த பிஸ்டனைப் போடுவது?

கேட்லாக்கைத் திறந்து, அளவைப் பார்த்து, ஆர்டர் போட்டுவிட்டால் போதாதா? போதாது. தப்பான பிஸ்டன் போட்டால் பிஸ்டனோடு நஷ்டம் முடியாது, பிளாக்கே பாழாகலாம். அந்தக் காரோடு பிறந்த, அதே எண் பொறித்த பிளாக் இருந்தால்தான் விண்டேஜ் சந்தையில் காருக்கு முழு மதிப்பு. அது போனால் திரும்பி வராது.

8-ஆ, 9-ஆ?

இந்த இன்ஜின் எண்ணின் கடைசியில் 8 அல்லது 9 என்று ஒரு இலக்கம் இருக்கும். அதுதான் கம்ப்ரஷன் விகிதம். 9 என்றால், சிலிண்டருக்குள் வந்த காற்றும் பெட்ரோலும் ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகின்றன என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தைக் கொண்டுவருவது பிஸ்டனின் தலைப்பகுதி. 9-க்கு உரிய பிஸ்டனின் தலை மேடாக எழும்பியிருக்கும், 8-க்கு உரியதில் அந்த மேடு குறைவு.

கணக்குப் போட்டால் இது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்று புரியும். சிலிண்டரின் விட்டம் 87 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 106 மி.மீ. ஆக, ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 630 சிசி. விகிதம் 9 ஆக வேண்டுமென்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே 79 சிசி இடம் மிஞ்ச வேண்டும். 8 என்றால் 90 சிசி. இடையில் இருப்பது வெறும் 11 சிசி, அதாவது இரண்டு டீஸ்பூன் தண்ணீர்!

1960-களில் பிரிட்டன் பங்க்குகளில் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்தது. இப்போது அங்கே சாதாரணமாகக் கிடைப்பது 95. அதைவிட உயர்ந்தது வேண்டுமென்றால் கூடுதல் விலைக்கு 97 முதல் 99 வரை. ஆக்டேன் குறைந்த பெட்ரோலை அதிகமாக நெருக்கினால், தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். சுத்தியலால் அடித்த மாதிரி அடி விழ, பிஸ்டன் தலையில் ஓட்டையே விழுந்துவிடும்.

பழைய இன்ஜினில் இன்னொரு சிக்கலும் உண்டு. அலுமினிய ஹெட் வளைந்திருந்தால் லேத்தில் ஃபேஸிங் செய்து சமப்படுத்துவார்கள். அரை மி.மீ. எடுத்தாலே சுமார் 3 சிசி இடம் போச்சு. தேய்ந்த சிலிண்டரை 0.76 மி.மீ. பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் கொள்ளளவு 641 சிசி ஆகும். இரண்டும் சேர்ந்தால், 9 என்று நம்பி வாங்கிய பிஸ்டன் கிட்டத்தட்ட 9.5-இல் போய் நிற்கும். ஹெட்டின் குழியில் எண்ணெய் ஊற்றி அளக்காமல் பிஸ்டன் ஆர்டர் கொடுப்பது சூதாட்டம்தான்.

காஸ்டிங்கா, ஃபோர்ஜிங்கா?

அந்தக் காலத்து பிஸ்டன்கள் உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி வார்த்தவை. இப்போது சந்தையில் ‘ஃபோர்ஜ்டு’ பிஸ்டனுக்குத்தான் மவுசு. அழுத்தி அடித்துச் செய்வதால் அது உறுதியானது. ஆனால் எந்த உலோகக் கலவை என்று கேட்காமல் வாங்கினால் வம்பு.

2618 என்ற கலவையில் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. அடி தாங்கும், ஆனால் சூட்டில் நன்றாக விரியும். அதனால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், சூடேறும் வரை ‘கடகட’ சத்தம் கேட்கும். 4032 கலவையில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். விரிவு குறைவு, இடைவெளியும் குறைவாகப் போதும். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கு 2618 சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற காருக்கு 4032 போதும், தரமான காஸ்டிங் பிஸ்டன்கூட தாராளம்.

எடையையும் மறக்கக் கூடாது. 5,500 ஆர்பிஎம்மில் இந்த இன்ஜினின் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது, அதன் மேல் புவியீர்ப்பைப் போல 2,000 மடங்குக்கும் மேலான விசை விழுகிறது. பிஸ்டன் அரை கிலோ என்றால், அந்த நொடியில் கனெக்டிங் ராட் இழுத்துப் பிடிப்பது ஒரு டன்னுக்கு மேல். ஆறு பிஸ்டனும் ஒரே எடையா என்று தராசில் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

எது முதலில்?

பலர் சறுக்குவது இங்கேதான். அவசரத்தில் பிளாக்கை முதலில் போர் போட்டுவிடுகிறார்கள். பிஸ்டன் அப்புறம் வருகிறது, அது கேட்கிற இடைவெளி வேறாக இருக்கிறது. சிலிண்டரை இன்னும் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. 3.8 பிளாக்கில் சிலிண்டர்களுக்கு இடையே சுவர் மெலிசு. ஜாகுவார் ஆலையிலேயே உள்ளே லைனர் போட்டுத்தான் விற்றது. ஏற்கெனவே பலமுறை போர் போட்ட பிளாக் என்றால், பழைய லைனரைக் கழற்றிப் புதிது அடித்து, ஒரிஜினல் அளவுக்கே திரும்புவது நல்லது.

எனவே முறை இதுதான்: பிளாக்கையும் ஹெட்டையும் அளந்து, பிஸ்டனை வரவழைத்து, ஆறையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்த பிஸ்டனுக்கு ஏற்ப அந்தந்த சிலிண்டரை போர் போட வேண்டும். எங்கே வைத்து அளக்க வேண்டும் என்பது பிஸ்டன் கம்பெனியின் தாளிலேயே இருக்கும். பிஸ்டன் உருளைபோல் தெரிந்தாலும் உண்மையில் லேசான நீள்வட்டம், இடம் மாற்றி அளந்தால் கணக்கே தப்பு.

கடைசியாக, பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றுவார்கள். பிறகு கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். ரொம்ப மெலிதாக இருந்தால் அந்த பிஸ்டன் திரும்பவும் லேத்துக்குப் போகும்.