தில்லியை இணை இணையாகப் பாருங்கள்

தில்லிக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: காலையில் குதுப்மினார், அடுத்து இந்தியா கேட், மதியம் ஹுமாயூன் கல்லறை, மாலையில் செங்கோட்டை. வேன் நின்றதும் இறங்கிப் படம் எடுப்பார்கள், மறுபடி ஏறிவிடுவார்கள். இரவு விடுதிக்குத் திரும்பும்போது எதை யார் கட்டினார் என்பதே குழம்பிப் போயிருக்கும். தில்லி ஒரே அரசர் கட்டிய தலைநகர் அல்ல. மெஹ்ரோலி, துக்ளகாபாத், ஃபிரோஸாபாத், ஷாஜஹானாபாத், புது தில்லி என்று ஆட்சிகளோடு தலைநகரும் இடம் மாறிக்கொண்டே வந்தது. பின்னால் வந்தவர்கள் முன்னோர் விட்டுப்போன கல்லையும் தூணையும் எடுத்துத் தங்கள் கட்டடங்களில் வைத்தார்கள். அதனால் இங்கே ஒரு கட்டடத்தின் கதையில் பாதி இன்னொரு கட்டடத்தில் கிடக்கிறது. அவற்றை இணை இணையாகப் பார்ப்பதே தில்லியைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி.

ஹுமாயூன் கல்லறையையும் சஃப்தர்ஜங் கல்லறையையும் எடுத்துக்கொள்வோம். லோதி சாலை வழியே போனால் ஒன்றிலிருந்து மற்றதை எளிதில் அடையலாம். முகலாயப் பேரரசர் ஹுமாயூனின் மனைவி ஹாஜி பேகம் எழுப்பிய கல்லறையின் பணி 1565-ல் தொடங்கியது. நான்காகப் பகுத்த தோட்டம், நடுவே உயர்ந்த மேடை, அதன்மேல் செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் சேர்ந்த மாளிகை என்ற இந்த அமைப்பைத் தாஜ்மகாலின் முன்னோடி என்கிறார்கள். முகலாயப் பிரபு சஃப்தர்ஜங்கின் கல்லறையும் அதே அமைப்பில் 1754-ல் எழுந்தது. ஆனால் அதற்குள் முகலாயப் பேரரசு நொடித்துப் போயிருந்தது. ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்திலிருக்கும் அப்துர் ரஹீமின் கல்லறையிலிருந்து கற்களைப் பெயர்த்து இதற்குக் கொண்டுவந்தார்கள். அக்பரின் தளபதியான ரஹீம், இந்தி ஈரடிப் பாக்களால் இன்றும் நினைக்கப்படும் கவிஞர். கல் உரிக்கப்பட்ட அவருடைய கல்லறையையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பேரரசின் ஏற்றமும் இறக்கமும் கண்முன்னே விளங்கிவிடும்.

குதுப்மினாருக்கு இணை ஃபிரோஸ் ஷா கோட்லா கோட்டை. தில்லி சுல்தான் ஐபக் தொடங்கிவைத்து, பின்வந்த சுல்தான் இல்துத்மிஷ் உயர்த்திய 72.5 மீட்டர் கோபுரத்தை 1368-ல் இடி தாக்கியது. அதன் மேல் அடுக்குகளைத் திருத்திக் கட்டியவர் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக். அங்கே வெண்பளிங்கு கலந்திருப்பது கீழிருந்தே தெரியும். அதே ஃபிரோஸ் ஷா இன்றைய ஹரியாணாவின் தோப்ராவிலிருந்து ஒரு கல்தூணை இலவம்பஞ்சுக் குவியலின்மேல் பதமாகச் சாய்த்து, வண்டியிலும் படகிலும் ஏற்றிக் கொண்டுவந்து கோட்லாவில் நிறுத்தினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அன்று ஒருவராலும் படிக்க முடியவில்லை. 1837-ல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த பிறகே அது அசோகரின் ஆணை என்று தெரியவந்தது.

பழைய கல்லின் கதையைக் கிளறினால் பகைதான் வளரும் என்று சிலர் அஞ்சலாம். குதுப் வளாகத்து மசூதிக்கு 27 கோயில்களின் கற்கள் பயன்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. அதே வளாகத்தில் குப்தர் கால இரும்புத்தூண் நிற்கிறது. கோட்லாவில் நிற்கும் அசோகர் தூணை ஒரு சுல்தான் பஞ்சு வைத்துப் பாதுகாத்திருக்கிறார். ஒரு முஸ்லிம் கவிஞரின் கல்லறையை ஒரு முஸ்லிம் பிரபுவுக்காகவே உரித்திருக்கிறார்கள். பாதிக் கதைதான் பகையை மூட்டும்; முழுக் கதை தெரிந்தவர்களிடம் அந்தச் சூடு தணியும்.

தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இந்த முறைக்குக் கூடுதல் நாள் வேண்டாம், இடங்களைக் குறைத்தால் போதும். குதுப்மினார் நிலையமும் சஃப்தர்ஜங் கல்லறைக்கு அருகிலுள்ள ஜோர்பாக் நிலையமும் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் இருக்கின்றன. கோட்லாவுக்குக் கிட்ட உள்ள தில்லி கேட் நிலையமும் செங்கோட்டை நிலையமும் ஊதாத் தடத்தில் இருக்கின்றன. எட்டு இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட நான்கை நிதானமாகப் பார்ப்பவருக்கே வரலாறு மனத்தில் தங்கும். சுற்றுலாப் பேருந்து நடத்துகிறவர்களும் இந்த இணைகளை வைத்து வழித்தடம் வகுத்தால், முதல்முறை தில்லி பார்க்க வரும் குடும்பத்துக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.