பழைய மென்பொருளுக்கு ஒரு வீடு

தாத்தா 1996இல் கணினியில் தட்டெழுதிய குடும்ப வரலாறு நம்மிடம் இருக்கிறது. அதைத் திறக்கும் மென்பொருளும் இருக்கிறது. ஆனாலும், புதிய கணினி அதை இயக்க மறுக்கிறது. ஏன்?

அக்காலத்து மென்பொருள்கள் பல 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்குவதில்லை. கணினி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் பயனில்லை.

இங்கு உதவுவது மெய்நிகர் கணினி. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள், புதிய கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்குகிறது. அதற்கெனத் தனி நினைவகமும் வன்தட்டும் ஒதுக்கப்படும். அதில் விண்டோஸ் 98ஐ நிறுவினால், பழைய மென்பொருள் தன் காலத்துக் கணினியில் இருப்பதைப் போலவே செயல்படும். டாஸ் விளையாட்டுகளுக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை; டாஸ்பாக்ஸ் போதும்.

விண்டோஸ் 98க்கான பாதுகாப்பு மேம்பாடுகள் 2006இலேயே நின்றுவிட்டன. ஆகவே, மெய்நிகர் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

கோப்பு திறந்ததும் வேலை முடிந்துவிடாது. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் பல, வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தாத்தாவின் வரிகள் பொருளற்ற குறிகளாகவே தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தால், பேரப்பிள்ளைகள் கைப்பேசியிலும் படிக்கலாம்.